நகிசே ஏன் தோத்தா?

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மடியில இருக்குறவளை எனக்குச் சுத்தமாப் பிடிக்காது.

ஐயையோ, ஓடுற பஸ்ஸுல எந்திரிக்காதீங்க, பையைச் சொன்னேன். பையில போட்டிருக்கே, ரோஸ் கலர் முடியும் பாதி மூஞ்சிக்குக் கண்ணுமா ஒரு பிள்ளை, அவளைச் சொன்னேன். உங்க மக பையா? அதுக்குப் புதுசு வாங்கிக் குடுத்துட்டு பழசை நீங்க தூக்கிட்டு அலையுறீங்களாக்கும். எல்லா வீட்டுலயும் அப்படித்தான். அந்தப் பிள்ளை பேரு ருரிகா. ஜப்பான் கார்ட்டூன்ல வர்றவ. கார்ட்டூன்னு சொன்னா எங்க பயலுக அடிக்க வருவாய்ங்க, அனிமேன்னு சொல்லணும்.

இந்த உருளை காலுல இடிக்குதா? இருங்க, இங்கிட்டுச் சாய்ச்சுக்கிறேன். உள்ள ப்ளெக்ஸ். ஆறுக்கு நாலு, மண்டப வாசலுக்கு. நம்ம கடை உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கு, மாயன் டிஜிட்டல்ஸ். நான்தான் மாயன். முழுப்பேரு காசிமாயன். இது எங்க மாமா பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு. ஆண்டிபட்டியில இன்னைக்குப் பதினொரு மணிக்கு. நேத்தே மாட்டியிருக்கணும். கரண்ட் இல்ல, காலையிலதான் மிஷின் ஓடுச்சு. மை காஞ்சதும் காயாததுமா சுருட்டிட்டு ஓடியாந்துட்டேன். அதை விடுங்க, நான் ருரிகாவைச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

இவ என்ன பண்ணுனான்னு கேளுங்க. அந்தத் தொடருக்கு ஜப்பான் பேரு வாயில நுழையாது, நான் ‘கடலோரப் பள்ளிக்கூடம்’னு வச்சிருக்கேன். அதுல தகெமின்னு ஒருத்தன், அவன்தான் ஹீரோ. அவன் அடுத்த வீட்டுல நகிசேன்னு ஒரு பிள்ளை. சின்னதுல இருந்து ஒன்னாமண்ணா வளர்ந்தவ. காலையில அவனை எழுப்பி விடுறது அவ. டிபன் பாக்ஸ் கட்டிக் குடுக்குறது அவ. அவன் வீட்டுப்பாடத்துல தப்புக் கண்டுபிடிச்சு மண்டையில கொட்டுறதும் அவ. அப்படி இருக்கையில இந்த ருரிகா புதுசா வந்து சேர்றா. மொத எபிசோடுலயே மாடிப்படியில வழுக்கி அவன் மேல விழுறா. அவ்வளவுதாண்ணே அவ செஞ்சது. விழுந்தா. விழுந்தவ மூணு சீசன் கழிச்சு, வாணவேடிக்கை அன்னைக்கு அவனைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா. நகிசே சோளக்கதிரைக் கையில வச்சுக்கிட்டு கூட்டத்துல நிக்கிறா. ரெண்டு கதிரு. ஒன்னு அவனுக்குன்னு வாங்குனது.

ஜப்பான்காரன் எழுதுற கதையில பூராம் இதே அநியாயம். கூட வளர்ந்தவ தோத்துருவா. வழுக்கி விழுந்தவ, ரயில்ல இடிச்சவ, வானத்துல இருந்து குதிச்சவ, இவளுகதான் ஜெயிப்பாளுக. கூட வளர்ந்தவ அப்படி என்னண்ணே பாவம் பண்ணுனா?

தப்பு ருரிகா மேல பாதி. மீதி அந்தத் தகெமி மேல. ஒரு எபிசோடுல நகிசே கண்ணு பூராம் தண்ணியா நின்னுக்கிட்டு, ‘நாளைக்கு மழை வரும், குடை எடுத்துக்கோ’ங்கிறா. இவன் ‘சரி’ன்னுட்டுப் போறான். டேய், குடையாடா அவ சொன்னது? எங்க தெரு எருமைக்குக் கூட விளங்கும். இப்படி ஒரு மரமண்டை உலகத்துல இருப்பானா? கதைன்னாலும் நம்புற மாதிரி எழுத வேண்டாமா? எனக்கு வந்த ஆத்திரத்துல ஒரு நாள் பூராம் கடையைப் பூட்டிட்டேன்.

அதுக்கு ஜோதி என்னைய ஏசுன ஏச்சு இருக்கே. ஜோதின்னா, இந்தா, இந்த ப்ளெக்ஸுக்குச் சொந்தக்காரி. நாகஜோதி. எங்க தாய்மாமா தவமணி மக. மாமா ஆண்டிபட்டியில வீடு கட்டிட்டுப் போற வரைக்கும் எங்களுக்கு எதுத்த வீடுதான். படிப்பு முடிஞ்சதுல இருந்து தினமும் இதே பஸ்ஸுல வந்து நம்ம கடையிலதான் வேலை. என்னைய விட மூணு வயசு சின்னவ. ஆனா ஒரு நாளும் அத்தான்னு கூப்பிட்டது கிடையாது. மாயாதான். கோபம் வந்தா அதுவும் கிடையாது, மவுஸைத் தட்டுவா.

‘ஒரு பொம்மை அழுததுக்காடா கடையைப் பூட்டுன?’ன்னா. பொம்மைன்னு சொல்லாத, நகிசேன்னு சொல்லுன்னேன். சரி, என்னதான் ஆச்சுன்னு கேட்டா. முழுக் கதையும் சொன்னேன். அப்பவும் வேலையை நிறுத்தல. பேனர் மூலையில ஐலெட் அடிச்சுக்கிட்டே கேட்டா. கயிறு கோக்குறதுக்குப் பித்தளை வளையம் வைப்போம்ல, அதுதான் ஐலெட். கடைசியில ஒன்னு கேட்டா. ‘அந்த நகிசே ஏன் வாயைத் தொறந்து சொல்லல?’

அவளுக்கு ரோஷம் இருக்குல்லன்னேன். அத்தனை வருஷம் கூடவே இருந்தவ, தானாவா வந்து கேப்பா? அவன்ல உணரணும்.

‘அவன் உணரவே இல்லையா?’

அவன் மரமண்டைன்னேன்.

‘ம்’னா. அதோட கதை கேக்குறதை நிறுத்திட்டா. ரசனை இல்லண்ணே அவளுக்கு.

எனக்கு ரசனை உண்டு. பொம்பளைப் பிள்ளைகளை எழுதுறதுல ஜப்பான்காரனை அடிச்சுக்க ஆள் இல்ல, அதே சமயம் அவனை மாதிரி கெடுக்கவும் ஆள் இல்ல. சிலதுல பாத்தீங்கன்னா ஹீரோயினுக்கு ஹீரோ பேரைக் கத்துறதைத் தவிர வேற சோலியே இருக்காது. அவன் அடி வாங்குனா கத்துவா, அடிச்சாலும் கத்துவா, சும்மா சோறு தின்னாலும் கண்ணு கலங்குவா. எனக்கு ஆகவே ஆகாது. எனக்குப் புடிச்சவ யாருன்னா கசுரே. ‘பனிக்கோட்டை’ன்னு ஒன்னு, வாள் சண்டைக் கதை. அதுல படைத்தலைவி. தொணதொணன்னு பேச மாட்டா. ஒரு பார்வைதான். தப்பு செஞ்சவன் ராஜாவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்லுவா. தன் ஆளு ஒருத்தன் மாட்டிக்கிட்டா ஒத்தையில போயி எதிரிக்கு முன்னாடி நிப்பா. பெறகு காப்பாத்துனவனையே பளார்னு ஒன்னு விடுவா, ஏன்டா போயி மாட்டுனன்னு. பொம்பளைன்னா அப்படி இருக்கணும்ணே.

ஜோதியா? ஜோதி எங்க, கசுரே எங்க! அவ சும்மா வாய். எதுக்கெடுத்தாலும் தப்புக் கண்டுபிடிப்பா.

ஒரு தடவை கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்னு வந்துச்சு. செத்தவரு ஒரு பெரியவரு, காசு குடுத்தது அவரு தம்பி. நான் ராத்திரி கண்ணு முழிச்சு கசுரே பாத்த கிறுக்குல, தம்பியைப் பெருசா நடுவுல மாலையோட போட்டு, செத்தவரை அடியில ‘வருத்தத்துடன்’கிற வரிசையில மத்தவுங்களோட சேத்துட்டேன். சந்தியில கட்டிட்டாய்ங்க. தம்பி டீ குடிக்க வந்து நிமிந்து பாத்திருக்காரு. காலையில கடைக்கு முன்னாடி ஒரு டெம்போ நிறைய ஆளுக. நான் மிஷினுக்குப் பின்னாடி பதுங்கிட்டேன். ஜோதிதான் வெளியில போயி நின்னா. ஒத்தையில. ‘ஐயாவுக்கு இருந்த கண்ணு பூராம் இதோட கழிஞ்சுச்சுன்னு நினைச்சுக்கங்க. இன்னும் முப்பது வருஷத்துக்கு எமன் உங்க பேரை ஏட்டுல தேட மாட்டான், அடிச்சாச்சுன்னு நினைச்சுக்குவான்’னா. அந்தாளு சிரிச்சுட்டாரு. போகும்போது அவளுக்கு மட்டும் கும்பிடு போட்டுட்டுப் போனாரு. உள்ள வந்தவ எனக்குப் பளார்னு ஒன்னு விட்டா பாருங்க. நல்லதுக்குக் காலம் இருக்கா?

அன்னையில இருந்து அவ சட்டம் ஒன்னு. ப்ரூப் அனுப்பி ஓகே வாங்காம எதையும் மிஷின்ல ஏத்தக் கூடாது. ப்ரூப்னா மாதிரி. அடிக்கிறதுக்கு முன்னாடி போன்ல ஒரு படமா அனுப்பிருவோம். கஸ்டமருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி மகாராணிக்கு அனுப்பணும். எழுத்துக்குக் கால் வாங்கல, பொட்டு கோணல், இந்தக் கட்சிக்காரர் பக்கத்துல அந்தக் கட்சிக்காரர் ஆகாதுன்னு பத்துத் திருத்தம் வரும். ஒரு வாட்டியும் நேரா ஓகே வந்தது கிடையாது.

சரி, நிச்சயம் எப்படி ஆச்சுன்னு கேக்குறீங்களா? அதுல ஒன்னும் கதை இல்லண்ணே. எங்க வகையறாவுல ஒரு வழக்கம். பொண்ணை வெளியில குடுக்குறதா இருந்தா மொதல்ல அத்தை மகன் கையில வெத்தலை பாக்கு குடுத்து ஒரு வார்த்தை கேக்கணும். அவனுக்குத்தான முறை. அவன் வெத்தலையை வாங்கிட்டா சம்மதம், நீங்க எங்க வேணாலும் குடுத்துக்கங்கன்னு அர்த்தம். பெறகு நிச்சயத்தன்னைக்கும் தட்டு மாத்துறதுக்கு முன்னாடி சபையில வச்சு இன்னொரு வாட்டி கேப்பாங்க. அங்க வாங்குனா முடிஞ்சுது.

மாமா கடைக்கு வந்தாரு, போன மாசம். நான் கடலோரப் பள்ளிக்கூடத்தோட கடைசி எபிசோடைத் திரும்பப் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கேன். மனசு கேக்கலண்ணே, திரும்பப் பாத்தா முடிவு மாறிருமோன்னு ஒரு நப்பாசை. மாமா கேரிப்பையில இருந்து வெத்தலையை எடுத்துக்கிட்டு, ‘மாப்ள, ஜோதிக்குத் திருப்பூர்ல ஒரு இடம் வந்திருக்கு. உனக்கு ஏதும் நினைப்பு இருந்தா இப்பவே சொல்லிரு’ன்னாரு. வாணவேடிக்கை ஆரம்பிக்கப் போகுது அங்க. நான் ஒரு காதுல மட்டும் ஹெட்செட்டைக் கழட்டிட்டு, ‘எனக்கு என்ன மாமா, தாராளமா செய்ங்க. ப்ளெக்ஸ் என் பொறுப்பு’ன்னுட்டேன். வெத்தலையை வாங்கி வாயிலயும் போட்டுக்கிட்டேன்.

ஜோதி பக்கத்துலதான் நின்னா. ஐலெட் அடிச்சுக்கிட்டு. அன்னைக்கு அடிச்சது பூராம் கோணல். கொஞ்சம் பாத்து அடி, துணி கிழியுதுன்னு கூடச் சொன்னேன். சுத்தியலைக் கையில வச்சுக்கிட்டு என்னையவே பாத்தா. நல்லவேளை, கீழ வச்சுட்டா.

மாப்பிள்ளை பேரு பிரவீன்ராஜ். நல்ல பையண்ணே. பனியன் கம்பெனியில மேனேஜர், கார் வச்சிருக்காரு, பேசுனா அவ்வளவு மரியாதை. ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கு என்னமோ அதான் பிடிக்கல. ஜோதியை அவரு எங்க பாத்தாருன்னு நினைக்கிறீங்க? திருப்பூர்ல ஒரு கல்யாணத்துல. சாப்பாட்டுப் பந்தியில இவ மேல ரசத்தைக் கொட்டிட்டாராம். பாருங்களேன், அங்கயும் வழுக்கி விழுந்த கதைதான்.

ஜோதி கடைக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு. கடைசியா போகும்போது, ‘சார்ஜர் ரெண்டாவது டிராயர்ல இருக்கு. மதியம் நேரத்துக்குச் சாப்பிடு’ன்னா. அதைச் சொல்றதுக்கு வாசல்ல அம்புட்டு நேரம் நின்னா. கண்ணுல என்னமோ விழுந்துருச்சுன்னு கசக்கிக்கிட்டு இருந்தா. சரின்னேன். அவ இல்லாம கடை கடையா இல்லண்ணே. பூப்புனித விழாவுக்கு ‘அஞ்சாமாண்டு நினைவு நாள்’ டிசைனைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சோறு இறங்க மாட்டேங்குது. எல்லாம் அந்த முடிவைப் பாத்ததுல வந்த வேதனைன்னு நினைக்கிறேன்.

ஆனா ஒன்னு சொல்லணும், இந்த ப்ளெக்ஸ் மாதிரி நான் என் ஆயுசுல ஒன்னு பண்ணுனது இல்ல. மூணு நாள் அதுலயே கிடந்தேன். ஜோதி போட்டோவுல முடியை ஒவ்வொரு இழையா எடுத்து வெட்டுனேன். அவளுக்கு இடது புருவத்துல ஒரு தழும்பு உண்டு, சின்னப் பிள்ளையில நான் தள்ளிவிட்டு வந்தது. எல்லா டிசைனரும் அழிச்சிருப்பான். நான் அழிக்கல. அது இல்லேன்னா அவ மாதிரியே இல்ல. பின்னாடி ஜப்பான்ல பூக்குமே, அந்த ரோஸ் பூவு. மேல இருந்து உதிர்ற மாதிரி. அது விழுற இடத்துல பிரவீன்ராஜ் தோள்பட்டை வந்து இவ முடி மேல ஏறிக்கிட்டே இருந்துச்சு. பெரிய தொந்தரவு. எங்க சாப்ட்வேர்ல ஒவ்வொரு படமும் ஒரு லேயர். கண்ணாடியில வரைஞ்சு அடுக்குன மாதிரி. பக்கத்துல கண்ணு மாதிரி ஒரு குறி இருக்கும், அதை அமுக்குனா அந்த ஆளு மறைஞ்சு போவாரு, திரும்ப அமுக்குனா வருவாரு. அவரு படம், பேரு, அவுங்க அப்பா அம்மா, ஊரு, எல்லாத்தையும் ஒரே கட்டா மறைச்சு வச்சுட்டு நிம்மதியா வேலையைப் பாத்தேன்.

முடிச்சு ஜோதிக்கு அனுப்புனேன். பத்துத் திருத்தம் வரும்னு பேனாவோட உக்காந்திருக்கேன். பாத்துட்டா, நீல டிக் விழுந்துருச்சு. எழுதுறா, நிறுத்துறா, எழுதுறா, நிறுத்துறா. கடைசியில வந்துச்சு. ‘ஓகே. அடி.’ அவ்வளவுதான். என் வாழ்க்கையில மொத தடவைண்ணே! ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியல அவளால. ஸ்கிரீன் ஷாட் எடுத்து வச்சிருக்கேன், பேரன் பேத்திக்குக் காட்ட.

பாக்குறீங்களா? வண்டி மலைக்கணவாய் ஏறுறதுக்குள்ள விரிச்சுக் காட்டுறேன். அந்த ஓரத்தைப் புடிங்க. கசக்கிறாதீங்க, மை புதுசு. இந்தா, இதான் ஜோதி. எப்படி இருக்கா? தழும்பு தெரியுதா? அந்தா மூலையில வாளோட நிக்கிறவதான் கசுரே, சும்மா காவலுக்கு. கீழ கூலிங்கிளாஸோட நான். ‘அன்புடன் வாழ்த்தும் அத்தை மகன்.’ காசு போட்டு அடிக்கிறவன் தன் படத்தை ஒரு ஓரமா வைக்கிறது எங்க தொழில்ல வழக்கம்.

என்ன கேட்டீங்க?

மாப்பிள்ளையா? இந்தா இருக்காருல்ல, இங்கிட்டு. இருங்க, இன்னும் கொஞ்சம் விரிச்சா... பூவு. இங்கிட்டும் பூவு. அண்ணே, அந்தப் பக்கம் பாருங்களேன், உங்க கைக்கு அடியில இருக்காரா?

அட கெரகமே. கண்ணைத் திருப்பித் தொறக்க மறந்துட்டேன்.

சிரிக்காதீங்கண்ணே. நான் மாப்பிள்ளை இல்ல, கூலிங்கிளாஸ் போட்டவன் எல்லாம் மாப்பிள்ளையா? ஆனா பாக்குறவன் அப்படித்தான் நினைப்பான், ஆம்பளைன்னு இதுல நான் ஒருத்தன்தான் இருக்கேன். கண்டக்டர்! அண்ணே, வண்டியை நிறுத்துங்க, நான் திரும்பிப் போகணும். நிறுத்த மாட்டாரா? கணவாயில நிறுத்தக் கூடாதாம். இருங்க, ஜோதிக்குப் போன் போடுறேன். சிக்னல் வேற இல்ல. ஒரு கோடு வந்துருச்சு. அடிக்குது.

ஜோதி! நான்தான். ப்ளெக்ஸ்ல ஒரு தப்பு நடந்துபோச்சு... தெரியுமா? என்ன தெரியும்? மாப்பிள்ளை படமே இல்ல ஜோதி... தெரியும்னா அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? ஏன் ஓகே போட்ட?... ஹலோ... ஆமா, நீ எதையும் பாக்காம விட்டது இல்லதான்... சரி. சரி... ஹலோ?

வச்சுட்டா.

என்ன சொன்னாளா? ‘தப்பு இருந்தா சொல்லியிருப்பேன்ல. சீக்கிரம் வா அத்தான்’னா. குரல் வேற ஒரு மாதிரியா இருக்கு, சளி புடிச்சிருக்கு போல. என்னண்ணே இது, மாப்பிள்ளை இல்லாத ப்ளெக்ஸ்ல தப்பு இல்லையாம். அவுங்க வீட்டு ஆளுக வாசல்ல வந்து நின்னு பாத்தா என்ன...

அண்ணே.

அத்தான்னா.

மாயான்னு சொல்லல. அத்தான்னு சொன்னா. நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க, கேட்டுச்சுல்ல? ஒரு நிமிஷம் இருங்க. சார்ஜர் டிராயர்ல இருக்கு, நேரத்துக்குச் சாப்பிடுன்னு வாசல்ல நின்னாளே. அது சார்ஜர் இல்ல. அந்தக் கோணல் ஐலெட்டு. ‘அவன் உணரவே இல்லையா’ன்னு கேட்டாளே, அதுவும் கதையைக் கேட்டது இல்ல. ஐயோ. நான் வேற சரின்னுட்டேன்ணே. வெத்தலையை மென்னு துப்பியாச்சு.

எனக்கு அவ வேணும்ணே. வேற ஒன்னும் தெரியல, அவ வேணும். இவ்வளவு நேரம் உங்ககிட்ட நான் வேற எதைப் பேசிக்கிட்டு வந்தேன்?

மணி என்ன? பத்தேகாலா? சபையில இன்னொரு வாட்டி கேப்பாங்க. கேக்கணும், முறை இருக்குல்ல. மாமா வெத்தலையை நீட்டுவாரு. நான் கையை நீட்ட மாட்டேன். அவ்வளவுதான் செய்யணும், கையை நீட்டக் கூடாது. மாமா அடிப்பாரு. பிரவீன்ராஜ் அடிக்க மாட்டாரு, மரியாதையான ஆளு, அதான் எனக்கு ரொம்பச் சங்கடமா இருக்கு. அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குவேன். எல்லாரும் அடிச்சு முடிச்ச பெறகு ஜோதி ஒன்னு விடுவா. அவ விடுறது நியாயம், வாங்கிக்கிறேன்.

ப்ளெக்ஸைச் சுருட்டுங்க, மெதுவா, அவ மூஞ்சி மடங்காம. இந்தா, ஆண்டிபட்டி வளைவு வந்துருச்சு. கண்டக்டரு இப்ப விசில் அடிச்சிருவாரு. வர்றேன்ணே.

ஒரு உதவி. நான் இறங்குற வரைக்கும் அந்தப் பையைக் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்பி வைங்க. இன்னைக்கு ருரிகா மூஞ்சியில முழிச்சுட்டு நான் இறங்க மாட்டேன்.